பின்பக்கத்துச் சுவிட்ச்

கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கு வாடிக்கையாளர்கள் வைத்திருந்த பெயர் சி.ஐ.டி. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவர் மாடிப்படி ஏறும்போதே உள்ளே யாராவது அந்தப் பெயரைக் குசுகுசுப்பது காதில் விழத்தான் செய்தது. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமை என்றே சொல்லலாம்.

இருபத்தாறு வருஷமாக அவருக்கு இதே பிழைப்பு. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியாது, விசிறி சுற்றாது, கம்ப்யூட்டர் கல் மாதிரி கிடக்கும். உடனே இவருக்குப் போன் வரும். பையைத் தூக்கிக்கொண்டு போவார். போனதும் கம்ப்யூட்டரைப் பார்க்க மாட்டார், சுற்றி நிற்கிற ஆட்களைத்தான் பார்ப்பார். யார் கடைசியாகத் தொட்டது, யார் முதலில் வாயைத் திறக்கிறார், யார் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார் என்று ஒரு நோட்டம். "நாங்க ஒண்ணுமே பண்ணலை சார்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அந்த ஆளைத்தான் முதலில் பிடிப்பார். அந்த வார்த்தையை எத்தனையோ ஆயிரம் தடவை கேட்டாகிவிட்டது, ஒரு தடவைகூட அது உண்மையாக இருந்ததில்லை என்பது அவர் கட்சி.

கட்சிக்கு ஆதாரமும் வைத்திருந்தார். ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா சத்தியமே செய்தார், தான் அந்தப் பக்கம் போகவே இல்லை என்று. கடைசியில் பார்த்தால் போன் சார்ஜர் மாட்டுவதற்காகப் பிளக்கைப் பிடுங்கி, திரும்பப் பாதிதான் செருகி வைத்திருந்தார். பல் டாக்டர் ஒருவரின் வரவேற்பறையில் இருந்த பெண், காலையில் வந்து பார்த்தால் தானாகவே நின்றுபோயிருந்தது என்றாள். மூடியைக் கழற்றினால் உள்ளே வரிசையாக எறும்பு. தானாக நின்றுபோன கம்ப்யூட்டருக்குச் சர்க்கரை போட்ட டீ எங்கிருந்து வந்தது என்று மெக்கானிக் கேட்க, அந்தப் பெண் டாக்டரைப் பார்க்க, டாக்டர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலைக்கு அவர் வைத்திருந்த ஒழுங்கு மாறவே மாறாது. முதலில் சுவரில் கரண்ட் வருகிறதா, அப்புறம் ஒயர், அப்புறம் பெட்டியின் பின்பக்கம் இருக்கிற சின்னக் கறுப்பு சுவிட்ச், அப்புறம்தான் முன்பக்கத்துப் பொத்தான். இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் மூடியைத் திறந்து பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். ஒன்றைக் கழற்றுவார், ஓடுகிறதா என்று பார்ப்பார். ஓடவில்லை என்றால் அதை மாட்டிவிட்டு அடுத்தது. எதைக் கழற்றியதும் கோளாறு நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கழற்ற வேண்டும், இரண்டைக் கழற்றினால் எது என்று தெரியாமல் போய்விடும் என்று புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லாரிடமும் கறாராகச் சொல்வார்.

அதே கண்தான் வீட்டிலும். கடைக்காரர் நிறுத்துக் கொடுத்ததை மறுபடி நிறுப்பார். மனைவி கதவைப் பூட்டிவிட்டேன் என்றால் சரி என்று தலையாட்டிவிட்டு நேரே போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். இருபத்துமூன்று வருஷமாக இந்தக் கண்ணோடு குடித்தனம் நடத்துகிற அந்த அம்மாளுக்குப் பொறுமை ஜாஸ்தி. பூட்டை ஆட்டுகிற சத்தம் கேட்டாலும் எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவள் அச்சகங்களுக்குப் புத்தகப் பக்கம் அமைத்துக் கொடுக்கிற வேலையை வீட்டில் இருந்தபடியே செய்துவந்தாள். கூடத்து மூலையில் ஒரு மேஜை, மேஜைக்குக் கீழே சுவர் ஓரமாகக் கம்ப்யூட்டர் பெட்டி. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறுக்கு அணைப்பாள். அந்தக் கம்ப்யூட்டர் மெக்கானிக்கின் சொந்தக் கைவேலை. ஒவ்வொரு பாகத்தையும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி அவரே பூட்டியது. ஏழு வருஷமாக ஒரு நாள் முனகியதில்லை.

அந்த வருஷம் மாமனார் இந்த வீட்டோடு வந்து சேர்ந்தார். தனியாக ஒரு மாடி அறையில் இருந்தவர் படியில் வழுக்கி விழுந்தார். இனிமேல் தனியாக இருக்கக் கூடாது என்று மகள் சொன்னாள், மருமகனும் மனதாரச் சரி என்றார். அதில் குறை சொல்ல முடியாது. கூடத்தில் வாசல் பக்கமாக ஒரு கட்டில் போட்டார்கள். மாமனார் முப்பத்தெட்டு வருஷம் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் மோட்டார் பார்த்தவர். மோட்டாரைப் போடுவது, நேரம் எழுதுவது, அணைப்பது, நேரம் எழுதுவது. ஒரு நாள்கூட அணைக்க மறந்ததில்லை என்பதை அவர் தானாகச் சொல்லிக்கொள்ள மாட்டார். யாராவது கேட்டால் சொல்வார், சொல்லும்போது முதுகு கொஞ்சம் நிமிரும்.

மருமகன் வீட்டில் இருக்கிறோமே என்ற கூச்சம் அவருக்கு நிறைய இருந்தது. சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று காலை டீயைத் தானே போட்டார். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அணைத்தார், விசிறி சுற்றினால் நிறுத்தினார். ஒரு தடவை மெக்கானிக் குளித்துக்கொண்டிருந்தபோதே குளியலறை விளக்கை அணைத்துவிட்டு, உள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுப் பதறிப்போய்த் திரும்பப் போட்டார். மெக்கானிக் அப்போது சிரித்துவிட்டார். அணைக்கிற கை என்று மட்டும் மனதில் ஒரு மூலையில் குறித்து வைத்துக்கொண்டார்.

அவர் வந்து மூன்றாவது வாரம் கம்ப்யூட்டர் நின்றுபோனது. காலை ஒன்பதுக்கு மனைவி பொத்தானை அழுத்தினாள், ஒரு அசைவும் இல்லை. இரவு வந்த மெக்கானிக், ஊருக்கெல்லாம் கேட்கிற கேள்விகளைத் தன் வீட்டில் கேட்கவில்லை. தன் கையால் பூட்டிய பெட்டி, பின்பக்கம் போய் யார் தொடப்போகிறார்கள் என்ற நினைப்பு. நேராக மூடியைத் திறந்து, எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளையைக் கழற்றி, இரண்டு ஒயரை இணைத்து அதை மட்டும் ஓட்டிப் பார்த்தார். அதன் விசிறி சுற்றவில்லை. அது செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதி, பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினார். கம்ப்யூட்டர் ஓடியது.

அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை தரையில் குனிந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தார். கறுப்பு சுவிட்ச் அணைந்திருந்தது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பரணில் போட்டிருந்த பழைய பவர் சப்ளையை எடுத்துப் பார்த்தால் அதோடு சேர்ந்திருந்த கறுப்பு சுவிட்சும் அணைந்தே இருந்தது. போட்டுப் பார்த்தார், ஜோராகச் சுற்றியது. எந்தப் பிள்ளைக்கும் தெரிகிற முதல் பாடத்தில் கோட்டை விட்டிருந்தார். இதை மனைவியிடம் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

வெட்கம் அடங்கியதும் சந்தேகம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. சுவிட்ச் தானாக அணையாது, ஒரு கை வேண்டும். யாருடைய கை?

வாரத்துக்கு இரண்டு தடவையாவது இது நடந்தது. மனைவி போனில் சொல்வாள், அவர் பின்பக்கம் பார்க்கச் சொல்வார், அணைந்திருக்கும், போடுவாள், ஓடும். அச்சகத்தில் பக்கம் கேட்டு அவசரப்படுத்துகிற நாளில் மேஜைக்கு அடியில் தவழ்வது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு துண்டு டேப் எடுத்து சுவிட்சின் மேல் ஒட்டிவிட்டால் முடிந்துபோச்சே என்றாள். மெக்கானிக் ஒப்புக்கொள்ளவே இல்லை. டேப்பை ஒட்டிவிட்டால் யார் என்று எப்படித் தெரியும்? கோளாறு தீர்ந்தால் போதாது, அவருக்கு ஆள் தெரிய வேண்டும்.

உட்கார்ந்து யோசித்தார். சாயங்காலம் ஆறுக்கு அவள் கம்ப்யூட்டரை நிறுத்துகிறாள், காலை ஒன்பதுக்குப் போடுகிறாள். இடைப்பட்ட நேரத்தில் அணைகிறது. அந்த நேரத்தில் கூடத்தில் நடமாடுகிறவர்கள் மூன்று பேர். மனைவி தன் வேலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ள மாட்டாள். மெக்கானிக்கை மெக்கானிக் சேர்க்கவில்லை. மிச்சம் இருப்பது ஒருவர். கூடத்திலேயே படுக்கிறவர், அணைக்கிற கை உள்ளவர். தூசியில் விரல் தடம் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றால் அதையும் மாமனாரே தினமும் துடைத்து வைத்துவிடுகிறார். அதுவே பெரிய சந்தேகத்துக்கு இடமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் மாமனாரைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, அவர் எந்த வழியாக நடக்கிறார், கை எங்கே போகிறது என்று கவனித்தார். குடிக்கத் தண்ணீர் எடுக்க மேஜை ஓரமாகப் போனால் அவர் திரும்புகிற வரை எண்ணினார். பெரியவருக்கும் அது புரியாமல் இல்லை. மேஜை இருக்கிற பக்கத்தை விட்டு ஒதுங்கிச் சுற்றிப் போகத் தொடங்கினார். அப்படி ஒதுங்குவதையும் மெக்கானிக் குறித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி கடைக்குப் போயிருந்தபோது கேட்டே விட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"மாமா, அந்தக் கம்ப்யூட்டருக்குப் பின்னாடி இருக்கிற சுவிட்சை நீங்க அணைக்கிறீங்களா?"

"தூசி துடைச்சதோட சரி மாப்பிள்ளை. சுவிட்சைத் தொட்டதே இல்லை."

மெக்கானிக் உடனே சண்டைக்குப் போகவில்லை. பெரிய மனிதரைப் பொய்யர் என்று சொல்ல முடியுமா? அவர் தப்பிக்க ஒரு வழி விட்டுக் கொடுக்கலாம் என்று நல்ல எண்ணத்தோடுதான் அடுத்ததைச் சொன்னார்.

"வேணும்னு செஞ்சீங்கன்னு சொல்லலை. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். அரைத் தூக்கத்துல எழுந்து அணைச்சிட்டுப் படுத்திருப்பீங்க, காலையில ஞாபகம் இருக்காது. வயசானா வர்றதுதானே மாமா."

பெரியவர் தன் வலது கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். மெக்கானிக் அதைப் பாதி ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

மீதிப் பாதிக்கு ஆதாரம் தேவைப்பட்டது. அதற்குத்தான் அவர் கையில் பழைய முறை இருக்கிறதே. மனைவியின் தங்கைக்குப் போன் போட்டு, உங்கப்பா உன்னை ரொம்ப நினைக்கிறார், கொஞ்ச நாள் வந்து இருக்கட்டுமே என்றார். மாமனாரிடம் வந்து, சின்னவள் உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்றார். ஊரார் சொல்லுகிற பொய்யை எல்லாம் கண்டுபிடிக்கிற மனுஷன் ஒரே மூச்சில் இரண்டு பொய் சொன்னார். இரண்டுமே எடுபட்டன. பெரியவர் ஒரு சின்னப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தார்.

அன்றையிலிருந்து மெக்கானிக் காலண்டரில் ஒவ்வொரு நாளும் ஒரு டிக் போட்டார். முதல் நாள் ஓடியது. இரண்டாம் நாள் ஓடியது. ஒரு வாரம் தாண்டியும் ஒரு நாள் தவறாமல் ஓடியது. பத்தாவது டிக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி பின்னால் வந்து நின்று, இது என்ன டிக் என்று கேட்டாள். அவரால் அடக்க முடியவில்லை, வெற்றிக் களிப்பு. எல்லாவற்றையும் விளக்கினார். அப்பா இருந்தபோது எத்தனை தடவை நின்றது, போன பிறகு எத்தனை தடவை நின்றது என்று விரல் விட்டுச் சொன்னார்.

அவள் முழுதும் கேட்டாள்.

"எங்கப்பாவைக் கழட்டிப் பார்த்தீங்களா?"

மெக்கானிக்குக்கு அப்போதுதான் தான் செய்தது அந்த வார்த்தையில் எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்தது. அப்படி இல்லை, சும்மா பரீட்சைதான், அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் நானும் சொல்கிறேன் என்று வளைந்து நெளிந்தார். அவள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும், நான்தான் அணைச்சிருப்பேன்னு சொல்றார். இனிமே இங்க வரலையாம்."

"பார்த்தியா, அவரே ஒத்துக்கிட்டார்" என்றார் மெக்கானிக். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. இருபத்தாறு வருஷப் பழக்கம் அது, ஆள் ஒப்புக்கொண்டால் இவருக்கு மனம் குளிர்ந்துவிடும்.

அவள் மறுநாள் ஒரு தடிமனான புத்தகத்தின் பக்கங்களை எல்லாம் எடுத்துத் திருத்தம் பார்ப்பதற்காக அப்பாவின் கட்டில் முழுக்கப் பரப்பினாள். இரவு மெக்கானிக் வந்து நின்றபோது கட்டிலில் ஒரு கைக்குட்டை வைக்கக்கூட இடம் இல்லை. கோபத்தில்தான் இப்படி இடத்தை அடைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பையை வேறு இடத்தில் வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தார்.

அடுத்த நாள் காலை அவர் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் தரையில் குந்தி உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"கம்ப்யூட்டர் ஆன் ஆகலை. அப்பா இங்க இல்லை" என்றாள். வைத்துவிட்டாள்.

மெக்கானிக் அந்த வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். வழியெல்லாம் மனம் கணக்குப் போட்டது. அப்பா இல்லை. அப்படியானால்? இருப்பது ஒருத்திதான். கோபத்தில் இருக்கிறாள், அப்பாவுக்கு வக்காலத்து வாங்க நினைக்கிறாள், சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டு வாசலை மிதிக்கும்போது அவருக்கு முக்கால்வாசி நிச்சயம் ஆகிவிட்டது. உள்ளே நுழைந்ததும் அவளை அந்தப் பழைய பார்வை பார்த்தார், வாடிக்கையாளர்களைப் பார்க்கிற பார்வை.

அவளுக்கு அந்தப் பார்வை தெரியும்.

"அடுத்தது நானா? என்னை எங்க அனுப்பப்போறீங்க?"

அவர் குனிந்து சுவிட்சைப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது. போட்டார். பொத்தானை அழுத்து என்றார். அவள் அழுத்தினாள், கம்ப்யூட்டர் ஓடியது. அச்சகத்துக்கு மதியத்துக்குள் போக வேண்டிய பக்கத்தை எடுத்து அவள் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கினாள். மெக்கானிக் கொஞ்ச நேரம் ஆத்திரத்தோடு அங்கேயே நின்றார். பிறகு உட்காரலாம் என்று, தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் முழங்காலால் தள்ளினார்.

டக் என்று ஒரு சத்தம். திரை கறுத்துப்போனது.

மெக்கானிக் மெதுவாகக் குனிந்தார். பையின் ஓரத்தில் தொங்குகிற இரும்புக் கொக்கி, சுவிட்சின் அணைக்கிற பக்கத்தில் போய் அழுத்திக்கொண்டு நின்றது. பையை வெளியே இழுத்தார். சுவிட்சைப் போட்டார். பையைத் திருப்பி வைத்துத் தள்ளினார், ஒன்றும் ஆகவில்லை. கொக்கி உள்பக்கம் இருக்கிற மாதிரி வைத்துத் தள்ளினார். டக்.

வாசல் பக்கத்தில் முன்பு ஒரு முக்காலி இருந்தது. ஏழு வருஷமாகப் பை வைத்த இடம் அதுதான். மாமனாருக்குக் கட்டில் போட முக்காலியை மாடிக்கு ஏற்றினார்கள், பை இந்தச் சந்துக்குள் வந்தது. தினமும் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, நின்றுகிடக்கிற கம்ப்யூட்டருக்குப் பின்னால் இவரே முழங்காலால் தள்ளினார். கொக்கி உள்பக்கம் விழுகிற நாளில் சுவிட்ச் அணைந்தது. மாமனார் போன பத்து நாளும் கட்டில் காலி, பை கட்டிலில் ஜம்மென்று கிடந்தது. முந்தின இரவு கட்டில் நிறையப் பக்கங்கள், பை மறுபடி சந்துக்குள் போனது. மனிதரைக் கழற்றியபோது பையையும் சேர்த்துக் கழற்றியிருந்தார். தொழிலில் யாராவது அப்படிச் செய்திருந்தால் அந்த ஆள் முகத்திலேயே இவர் முழிக்க மாட்டார்.

"பக்கத்தை சேவ் பண்ணியா?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"இல்லை" என்றாள். செய்த வேலை போனதற்கு அவள் கோபப்படவில்லை. "போய் அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

மச்சினி வீட்டு வாசலில் மெக்கானிக் செருப்பைக் கழற்றும்போது அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள். அப்பா இப்போதெல்லாம் எதையும் தொடுவதில்லை அத்தான் என்றாள். டீ போடுவதை விட்டுவிட்டாராம். தனியாகக் கடைக்குப் போகச் சொன்னால், வழி மறந்துவிட்டால் என்ன செய்வது என்கிறாராம். குழாயை மூடிவிட்டு வந்து, மூடினேனா பார் என்று அவளை எழுப்புகிறாராம். டாக்டரிடம் காட்டலாமா என்று அவளுக்கே யோசனை.

பெரியவர் உள்ளறையில் நாற்காலியில் இருந்தார். மருமகனைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மடியிலிருந்து ஒரு சின்ன நோட்டு விழுந்தது, மெக்கானிக் எடுத்துக் கொடுத்தார். கொடுப்பதற்குள் திறந்திருந்த பக்கம் கண்ணில் பட்டுவிட்டது. மோட்டார் பார்த்தவருடைய நேரான கையெழுத்து. காலை 6.10 குழாய் மூடினேன். 6.12 போய்ப் பார்த்தேன், மூடியிருந்தது. 6.40 குளியலறை விளக்கு அணைத்தேன். 6.41 பார்த்தேன். 6.45 மறுபடி பார்த்தேன். பக்கம் முழுக்க அப்படியே போயிற்று.

தப்பிக்க வழி என்று நினைத்து மெக்கானிக் கொடுத்த 'ஞாபகம் இருக்காது' என்ற வார்த்தையைப் பெரியவர் பத்திரமாக எடுத்துப் போய் அதற்குள்ளேயே குடியிருந்தார். மெக்கானிக் எல்லாவற்றையும் சொன்னார், பை, கொக்கி, முக்காலி, கட்டில் எல்லாம். தப்பு முழுக்கத் தன்னுடையது என்றார். பெரியவர் துக்கம் கேட்க வந்தவர்களிடம் தலையாட்டுகிற மாதிரி மரியாதையாகத் தலையாட்டினார். உங்களுக்கு நல்ல மனசு மாப்பிள்ளை என்றார். ஒரு வார்த்தையும் நம்பவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது. நேரில் வந்து ஒரு தடவை பாருங்கள் என்று மெக்கானிக் கெஞ்சியதால்தான் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மனைவி கம்ப்யூட்டரைப் போட்டாள். மெக்கானிக் பையைச் சந்துக்குள் தள்ளினார். டக். திரை கறுத்தது. மறுபடி போட்டு, மறுபடி தள்ளினார். நாலு தடவை செய்து காட்டினார். வாடிக்கையாளர்களைக் குற்றவாளியாக்க எத்தனையோ தடவை இப்படிச் செய்து காட்டியிருக்கிறார். இன்றைக்குத் தன் தலையில் தானே போட்டுக்கொள்ளக் காட்டினார், வேர்த்து விறுவிறுத்துப்போனது.

பெரியவர் குனிந்து கொக்கியைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார். நன்றாகவே புரிந்துகொண்டார். இயந்திரம் தெரிந்த மனிதர்.

"இன்னைக்கு உங்க பை அணைக்குது, பார்த்தேன். ஆனா அன்னைக்கெல்லாம் பைதான் அணைச்சது, நான் அணைக்கலைன்னு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. மெக்கானிக்கே கேட்டிருக்கக்கூடிய கேள்வி. போன நாட்களை மறுபடி கொண்டுவந்து மாட்டிப் பார்க்க முடியாது. தன் பையில் இருக்கிற எந்தக் கருவியாலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

"நீங்க தொடலைன்னு சொன்னீங்களே மாமா" என்றார். "அதனால தெரியும்."

"அன்னைக்கும் அதேதான் சொன்னேன்."

"ஆமா. அன்னைக்கு நான் நம்பலை. நம்பியிருக்கணும்."

பெரியவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வெகு நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கட்டிலில் பரப்பியிருந்த பக்கங்களை அடுக்கி எடுத்துப் படுக்கையைத் தட்டிப் போட்டாள். பையை எங்கே வைப்பது என்று யாரும் பேசவில்லை, மெக்கானிக் அதைத் தோளிலேயே மாட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு பெரியவர் எழுந்தார். டீ போடட்டுமா என்று மகளிடம் அனுமதி கேட்டார். அவள் தலையாட்டியதும் சமையலறைக்குப் போனார். பாத்திரம் வைக்கிற சத்தம், அடுப்புப் பற்றுகிற சத்தம், அப்புறம் வெகு நேரம் ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் இரண்டு கோப்பையோடு வந்தார். ஒன்றை, பையோடேயே இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மருமகனிடம் கொடுத்தார். தன் நாற்காலிக்குப் போகப் பாதி வழியில் நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"அடுப்பை அணைச்சேனான்னு தெரியலை மாப்பிள்ளை. ஒரு தடவை பார்த்துட்டு வர்றீங்களா?"

மெக்கானிக்கின் கால் தானாக எழப்போனது. பூட்டைக்கூட இழுத்துப் பார்க்கிற மனுஷன், அடுப்பைப் பார்க்காமல் இருப்பாரா? நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அணைச்சிருப்பீங்க மாமா. உட்காருங்க."

பெரியவர் அவர் முகத்தையே பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவிகூட எழுந்து போகவில்லை. மாமனாரும் மருமகனும் டீயைக் குடித்து முடித்தார்கள். இரண்டு பேர் காதும் சமையலறைப் பக்கமே இருந்தது.